எதிர் இலை

சர்வர் நாச்சிமுத்து இரண்டு இலை போட்டுவிட்டான். ஒன்று தெய்வசிகாமணிக்கு, இன்னொன்று எதிரே காலி நாற்காலிக்கு. போட்டுவிட்டு, டம்ளரிலிருந்து இரண்டிலும் தண்ணீர் தெளித்தபடி, "பார்ட்டி வண்டிய நிறுத்திட்டு வர்றாங்களாங்க சார்?" என்று கேட்டான். தெய்வசிகாமணி தலையை அசைத்தார். அசைத்தாரே தவிர வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அது பொய்யில் சேராது என்று அவருக்குள் இருந்த குமாஸ்தா உடனே குறித்துவைத்துக்கொண்டான். தலையசைப்பு கழுத்தின் காரியம். அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், ஃபேன் காற்று கூட ஒரு காரணம்தான். சட்டைப் பையில் டோக்கன் இருந்தது. மஞ்சள் டோக்கன். இலைச் சாப்பாட்டுக்குப் பச்சை, தட்டுச் சாப்பாட்டுக்கு மஞ்சள் என்பதே அவருக்குப் பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் தெரியும். பத்தொன்பது வருஷமாக இந்தப் பூர்ணிமா பவனில் சாப்பிட்டிருக்கிறார், டோக்கன் என்று ஒன்று இருப்பதைக் கவனித்ததில்லை. நைவேத்தியச் சீட்டைப் பற்றிச் சாமிக்கு என்ன தெரியும். யாரோ வாங்குவார்கள், சாமி சாப்பிடும். அவர் தொழில் அப்படி. வெளிநாட்டுக்காரன் கேட்ட பனியன்களைத் திருப்பூர் தைத்து முடித்ததும், பெட்டியில் போடுவதற்கு முன்னால், வாங்குகிறவன் சார்பில் வந்து பார்த்து, போகலாம் அல்லது போகக் கூடாது என்று சொல்கிற தர ஆய்வாளர். ஆய்வு நாளில் ஆய்வாளரின் மதியச் சாப்பாடு கம்பெனியின் பொறுப்பு. எந்தக் காகிதத்திலும் எழுதப்படவில்லை, ஆனால் மணி ஒன்றடித்தால் முதலாளியின் கார்க் கதவு திறக்கும், பூர்ணிமா பவனில் எதிரெதிராக இரண்டு இலை விழும். சாப்பிட்டதற்காக அவர் ஒரு நாளும் ஒரு பனியனை விட்டுக்கொடுத்ததில்லை. அதில்தான் அவருக்குப் பெருமையே. தின்றுவிட்டு வேலையை முடித்துக் கொடுப்பவன் அயோக்கியன். தின்றுவிட்டு அப்படியே ஃபெயில் போடுபவன் உத்தமன். இந்த நுட்பமான வேறுபாட்டை மனைவி சரோஜினிக்குப் பல தடவை விளக்கியிருக்கிறார். அவள் ஒவ்வொரு தடவையும், "அவங்க சோத்தைத் தின்னுட்டுங்களா?" என்று மட்டும் கேட்பாள்.

இன்று கவுண்டரில் இருந்த பெண் "என்ன சாப்பாடுங்க?" என்றபோது மனம் இலை என்றது, நாக்கு தட்டு என்றது. இரண்டுக்கும் நடுவே விலைப்பலகை இருந்தது. நாக்கைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்று மாதமாக அதுதான் வீட்டுச் செலவைப் பற்றிச் சரோஜினியிடம் பேசிக்கொண்டிருக்கிறது. கடலுக்கு அப்பால் எவனோ ஒருவன் இந்த வருஷத்துக்குப் பழைய பனியனே போதும் என்று அலமாரியை மூடினான், அந்தச் சத்தம் இங்கே வந்து சேர்ந்தபோது தெய்வசிகாமணியின் ஆபீஸுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. எவ்வளவு தூரத்திலிருந்து ஒருவன் இன்னொருவன் வாயிலிருந்து பீன்ஸ் பொரியலைப் பிடுங்கி முட்டைகோஸை வைக்கிறான் என்று நினைத்தால், உலகம் சுருங்கிவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்களைக் கூப்பிட்டு இந்த முட்டைகோஸைத் தின்னச் சொல்லலாம். முந்தின வாரம் பீன்ஸ் இருந்ததாம். அதற்கு முன்னால் வெண்டைக்காய். மாடியில் இருந்த ஏசி ஹாலை அடைத்துவிட்டார்கள். நாற்காலிகள் மேஜைமேல் கவிழ்ந்து கால் நீட்டிக் கிடப்பது மாடிப்படி வழியாகத் தெரிந்தது. பலகையில் சப்பாத்தி, நாண், கோபி வகையறாவின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தார்கள், அவற்றைத் தின்று கொண்டிருந்த வடக்கத்திப் பிள்ளைகள் ரயிலேறிவிட்டதால். இருநூறு பேர் உட்காரும் ஹாலில் முப்பது பேர். அந்த முப்பதும் எப்படிப்பட்ட முப்பது! தெய்வசிகாமணியின் விரல் தன்னிச்சையாகச் சட்டைப் பைக்குள் போய், டோக்கனுக்குப் பின்னால் இருந்த தாளைத் தொட்டது. சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்கள். பனியனில் எங்கே ஓட்டை, எங்கே கறை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று காட்ட அந்த இடத்தில் ஒட்டுவது. ஆபீஸ் போன பிறகும் தாள் பையை விட்டுப் போகவில்லை. மூன்றாவது மேஜையில் புருஷன், பெண்டாட்டி, ஒரு பெண் குழந்தை. ஒரே ஒரு ரோஸ்ட், மூன்று தட்டு, சாம்பார் மட்டும் நாலாவது கிண்ணம். அம்பு, புருஷனின் மீசையில். ஜன்னலோரம் டை கட்டின இருவர், காரில் உட்கார்ந்து வீட்டு டப்பாவைக் காலி செய்துவிட்டு, கை கழுவவும் சோம்பு அள்ளவும் மட்டும் உள்ளே வந்து, அதற்கு வாடகையாக ஒரு காப்பியை இரண்டாகப் பிரித்துக் கொண்டிருந்தார்கள். அம்பு, டையின் முடிச்சில். பார்சல் வரிசையில் ஓர் அம்மாள், பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, "குழம்பு மட்டும் போதுமுங்க, சாதம் வீட்ல வெச்சுட்டேன்" என்று ஊருக்கே கேட்கும்படி ரகசியமாகச் சொன்னாள். பட்டுப் புடவைக்கு எதற்கு அம்பு, அதுவே பெரிய அம்பு. போன வருஷம் இதே ஜனங்கள் இலையில் பாதியை அப்படியே விட்டு மூடினார்கள், விட்டு மூடுவதுதான் வசதி என்று நினைத்தார்கள். இப்போது அப்பளத்தின் தூளை ஆள்காட்டி விரலால் ஒற்றி எடுக்கிறார்கள். இவர்களுக்குப் பசிதான் வந்திருக்கிறது என்றால் பரிதாபப்படலாம். வந்திருப்பது பசியல்ல, பயம். பயந்தவன் சாப்பிடுவதைப் பார்ப்பதுபோல அருவருப்பான காட்சி வேறில்லை என்று நினைத்தவர், தம் கை சட்டைப் பையை மூடிக்கொண்டிருப்பதைக் கவனித்து, எடுத்து மேஜைமேல் வைத்தார்.

எதிர் இலையில் தெளித்த தண்ணீர் காய ஆரம்பித்திருந்தது. நுனிக்குப் பக்கத்தில் நரம்போடு ஒரு கிழிசல், இரண்டு செண்டிமீட்டர் இருக்கும், மைனர். குறை இரண்டு வகை. பார்த்தால் தெரியும், ஆனால் போட்டுக்கொள்ளலாம் என்றால் மைனர். அதில் சிலதை விட்டுவிடலாம். போட்டுக்கொள்ள முடியாது, காசு கொடுத்தவன் திருப்பிக் கொடுப்பான் என்றால் மேஜர். அதில் நாலைந்து சேர்ந்தால் முழுச் சரக்கும் ஃபெயில். உலகத்தையே இந்த இரண்டில் அடக்கிவிடலாம் என்பது அவர் கண்டுபிடிப்பு. தனியாகச் சாப்பிட வருவது மைனர். தட்டுச் சாப்பாடு மைனர். தட்டுச் சாப்பாட்டு டோக்கனை வைத்துக்கொண்டு இலைமுன் உட்கார்ந்து, வராத ஆளுக்காக வாசலைப் பார்ப்பது? குமாஸ்தா பேனாவைத் தூக்கினான். தெய்வசிகாமணி அவசரமாக வாசலைப் பார்த்தார். நாச்சிமுத்துவைக் கூப்பிட்டு, தட்டுதாம்ப்பா, இலையை எடு என்று சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம். ஆனால் நாச்சிமுத்துவிடம் சொன்னால் திருப்பூரிடம் சொன்ன மாதிரி. எந்தக் கம்பெனிக்கு ஆர்டர் வந்தது, எவன் படுத்தான், எவன் எவனோடு ரகசியமாகச் சாப்பிட்டான் என்று ஊர் தெரிந்துகொள்வது அவன் தோளில் கிடக்கும் துண்டின் வழியாகத்தான். திங்கட்கிழமை ஒரு மில்லில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் வேலைக்குப் பேச வரச் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய ஆபீஸ் மூடியது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இந்த ஊரில் வேலையில் இருக்கிறவனுக்குத்தான் வேலை, பெண்ணுக்கு நகை இருந்தால்தான் மேற்கொண்டு நகை போடுவதைப் போல. இங்கே வந்து உட்கார்ந்ததே அதற்குத்தான். ஐந்து நாளாக யார் கண்ணிலும் படவில்லை. படாத ஆளைப் பற்றி ஜனங்கள் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். "வீட்லயே தின்னுட்டுப் போங்களேன், ரசம் வெச்சிருக்கேன்" என்றாள் சரோஜினி. மூன்று மாதமாக அவள் ரசம் நீர்த்துக்கொண்டே வருகிறது. சொல்லவில்லை. சொன்னால் அவள் புளியின் விலையைச் சொல்வாள். "ஆரம்பிங்க சார், அவிக வரட்டும்" என்றான் நாச்சிமுத்து, முட்டைகோஸ் வாளியோடு நின்று. "வரட்டும்ப்பா" என்றார் தெய்வசிகாமணி. இப்போது வாயால். குமாஸ்தா எழுதினான். "எந்தக் கம்பெனிங்க இன்னைக்கு?" "புது பார்ட்டி." "புது பார்ட்டியா! இந்தக் காலத்துலயா? நல்லா இருக்கட்டுமுங்க. கூட்டிட்டே வாங்க சார். காலைல வடிச்ச சோறு சாயங்காலம் ஆறு அண்டா மிச்சமாப் போவுது, மாட்டுக்காரனே போதும்ங்கறான்." சொல்லிவிட்டு, நின்று, எதிர் இலையைப் பார்த்தான். பார்வை கொஞ்சம் நீளமாக இருந்ததா, அல்லது இயல்பான நீளம்தானா? பார்வைக்கு டேப் கிடையாது. எழுந்து, போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு, அப்படியே வாசலுக்குப் போய், அப்படியே தெருவில் இறங்கி, அப்படியே நடந்துவிட்டால் என்ன? பசித்தது. அதுதான் அசிங்கம். காலையிலிருந்து பசித்தது, சாம்பாரில் பெருங்காயம் அளவாகப் போட்டிருந்தார்கள், கால் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் கிட்டுசாமி உள்ளே வந்தான். தெய்வசிகாமணி முதலில் பார்த்தது ஆளையல்ல, பனியனை. சாம்பல் நிறம், பச்சைக் கழுத்துப் பட்டை, இடது கையில் ஒற்றைக் கோடு. அந்தப் பனியனை உலகத்தில் எங்கே பார்த்தாலும் அவருக்குத் தெரியும். நாலாயிரத்து இருநூறு உருப்படி, நெஞ்சளவு அரை செண்டிமீட்டர் குறைவு, ஃபெயில். இரண்டு வருஷத்துக்கு முன் கிட்டுசாமி இந்த ஊர் ராயபுரத்தில் பதினாறு மெஷின் வைத்து நடத்தினான். அந்த ஆய்வு நாளில் இதே ஹாலில், இதே வரிசையில்தான் இலை விழுந்தது. கிட்டுசாமி சாப்பிடவில்லை, பிசைந்துகொண்டே இருந்தான். தன் இலையிலிருந்த ஜாங்கிரியைத் தொடாமல் தெய்வசிகாமணியின் இலைக்குத் தள்ளினான். "மைனர்ல போட்டுடுங்க சார். அரை செண்டி, துவைச்சா நீண்டுக்கும். மேஜர்னு போட்டீங்கன்னா நான் முடிஞ்சேனுங்க." அவர் ஜாங்கிரியைச் சாப்பிட்டார். நன்றாகத்தான் இருந்தது. கம்பெனிக்குத் திரும்பிப் போய், கை ஈரம் காய்வதற்குள், மேஜர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குச் சரோஜினியிடம் சொன்னபோது அவள் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை, "ஜாங்கிரியையுமா?" என்றாள். அரை செண்டிமீட்டர் அரை செண்டிமீட்டர்தான். அதில் கருணைக்கு இடமில்லை, கருணைக்கு இடம் கொடுத்தால் அது ஒரு செண்டிமீட்டர் ஆகும். அவர் இப்போது கிட்டுசாமியின் மார்பைப் பார்த்தார். குறைவு எங்கே என்று தேடினார். பனியன் சரியாக இருந்தது. எத்தனையோ துவைப்புக்குப் பிறகும் பச்சைப் பட்டை வெளுக்கவில்லை. அதற்குக்கூட அவருக்குக் கோபம் வந்தது. தோற்ற சரக்குக்கு இவ்வளவு ஆயுசு எதற்கு. கிட்டுசாமி அவரைப் பார்த்தான். நேரே வந்தான். காலி நாற்காலியை இழுத்தான். "யாருக்கோ போட்ட எலையாட்டம் இருக்குது. உக்காரலாமுங்களா சார்?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். அந்த வினாடியில் தெய்வசிகாமணியின் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. எதிரே ஆள். இரண்டு இலை, இரண்டு ஆள். நாச்சிமுத்து தூரத்திலிருந்தே சிரித்தான். "அட, கிட்டு முதலாளிதானா அந்தப் புது பார்ட்டி!" கிட்டுசாமி மறுக்கவில்லை. மறுக்கவில்லை என்பதைக் கவனித்ததும் அவர் மனசிலிருந்த பழைய இகழ்ச்சி, வெந்நீர்ப் பை மாதிரி இதமாகச் சூடேறியது. இன்னும் பயம் இருக்கிறது. தரையில் தேய்த்து எடுத்தாலும் சில ஆட்களுக்கு ஆய்வாளரைக் கண்டால் முதுகு தானாக வளையும். இவன் டோக்கன் வாங்கிக் கொடுப்பான். பச்சை டோக்கன், இரண்டு. இவர்களுக்கு வேறெதுவும் தெரியாது.

"கம்பெனி எப்படிப் போகுது கிட்டுசாமி?" என்று பருப்பில் நெய்யை ஊற்றிக்கொண்டே கேட்டார். பதில் தெரிந்த கேள்விகளைக் கேட்பதில் ஒரு சுகம் உண்டு. "கம்பெனியா? அதைய வித்துப் போட்டு ஒன்றரை வருஷமாச்சுங்க. இப்ப சோத்து வண்டி." ஒரு பழைய ஆம்னி வேனாம். பெண்டாட்டி சமைக்கிறாளாம், இவன் ஓட்டுகிறானாம், இவனிடம் தைத்துக் கொண்டிருந்த இரண்டு பெண்கள் பொட்டலம் கட்டுகிறார்களாம், ஒரு பொட்டலம் நாற்பது ரூபாய். கம்பெனிகள் கேண்டீனை மூடியதும் இவனுக்குக் கதவைத் திறந்தனவாம். "எங்க கூட்டத்தையெல்லாம் இழுத்துட்டுப் போயாச்சு, இப்ப ரசத்தையும் திருட வந்துட்டீங்களாக்கும்" என்றான் நாச்சிமுத்து ரசத்தை ஊற்றிக்கொண்டே. "திருட வரலண்ணா, பாத்துட்டுப் போக வந்தேன். உங்களுதுல மெளகு தூக்கலா இருக்குதுன்னு ஊட்டுக்காரி சொன்னா." "அதெல்லாம் சாமானிய ரகசியமில்ல, சும்மா சொல்ல மாட்டேன். அந்த வண்டில ஒரு எடம் காலி இருந்தாச் சொல்லுங்க, ரகசியத்தோட நானே வந்துடறேன்." இருவரும் சிரித்தார்கள். தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. நாற்பது ரூபாய்ச் சோறு. ரோட்டோரத்தில் நின்று, பொட்டலத்தை உள்ளங்கையில் விரித்து, புழுதியோடு தின்கிற சோறு. பதினாறு மெஷின் வைத்திருந்தவன் கரண்டி பிடிக்கிறான், அதைச் சொல்லும்போது குரல்கூட இறங்கவில்லை. வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது சட்டையின் உள்தையல் மாதிரி. வெளியே தெரியாது, ஆனால் அதுதான் சட்டையைச் சட்டையாக வைத்திருக்கிறது. இவனுக்கு உள்தையலே விட்டுவிட்டது. கிட்டுசாமி ரசத்தை உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சினான், கண்ணை மூடினான், நாக்கை மேலண்ணத்தில் தட்டினான். அப்பளத்தைத் தூக்கி ட்யூப்லைட்டுக்கு எதிரே பிடித்து, எண்ணெய் எங்கே நிற்கிறது என்று பார்த்தான். பருக்கை ஒன்றை இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினான். தெய்வசிகாமணிக்குப் பிசைகிற கை நின்றது. அந்தத் தூக்கிப் பிடிக்கிற விதம், தலையை லேசாக இடப்பக்கம் சாய்க்கிற விதம், வாய்க்குள்ளேயே 'ம்' என்பது, எல்லாம் அவருடையது. துணியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறபோது அவர் செய்வது. திருடன் ரசத்தை மட்டும் திருடவில்லை. "உங்க ஆபீஸ் எப்படிங்க சார்?" என்றான் கிட்டுசாமி கண்ணைத் திறந்து. "போயிட்டிருக்கு." "நல்லதுங்க." அவ்வளவுதான் கேட்டான். தெரிந்து கேட்டானா தெரியாமல் கேட்டானா என்பது இரண்டாவது தடவை சாதம் வாங்கும்வரை அவர் தொண்டையில் நின்றது. மோருக்குப் பிறகும் இறங்கவில்லை.

இலையை மூடும் நேரம். நாச்சிமுத்து துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கையை நீட்டாமல், மேஜையின் ஓரத்தில் லேசாக விரலை வைத்தான். டோக்கன் கேட்கிறான் என்று அர்த்தம். தெய்வசிகாமணி எப்போதும் செய்வதைச் செய்தார். அதாவது ஒன்றும் செய்யவில்லை. கூரையைப் பார்த்தார், பல்லிடுக்கை நாக்கால் துழாவினார், இந்த ஒரு நிமிஷத்தில் ஆய்வாளர் அங்கேயே இல்லாதவர் போல இருக்க வேண்டும், அதற்குள் எதிரே இருப்பவன் பைக்குள் கை விடுவான். கிட்டுசாமி கை விட்டான். எடுத்தான். பச்சை டோக்கன், ஒன்று. மேஜையில் வைத்தான். கை திரும்பவும் பைக்குப் போகும் என்று தெய்வசிகாமணி காத்திருந்தார். கை மோர் டம்ளருக்குப் போயிற்று. அவன் பாட்டுக்கு மோரைக் குடித்தான், அவசரமில்லாமல், தொண்டை ஏறி இறங்க. ஒன்று. ஒன்றுதான். தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது, மூன்றாவது மேஜைக் குழந்தை ரோஸ்ட் கேட்டு அழுதது, நாச்சிமுத்துவின் விரல் மேஜை ஓரத்தில் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், கவுண்டருக்குப் போய்ப் பச்சை வாங்கி வரலாம், பையில் இருக்கும் நோட்டு அதற்குப் போதுமா, போதாது, காப்பிக்கும் பஸ்ஸுக்கும் வைத்தது அது. பையில் கை போயிற்று. ஸ்டிக்கர் தாளும் சேர்ந்து வந்தது. ஈர விரலில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டிக்கொண்டது. மஞ்சள் டோக்கனை இலையின் ஓரத்தில் வைத்தார். நாச்சிமுத்து அதைப் பார்த்தான். அப்புறம் இலையைப் பார்த்தான். இரண்டாவது தடவை வாங்கிய சாதத்தின் நாலு பருக்கை, நெய்யின் பளபளப்பு. "ஏனுங்க சார், இது தட்டு டோக்கனாச்சுங்களே?" என்றான். சத்தமாக இல்லை. ஆனால் டை கட்டினவன் திரும்பினான். தெய்வசிகாமணியின் வாய்க்குள் நிறையச் சொற்கள் இருந்தன, கவுண்டரில் தப்பாகக் கொடுத்துவிட்டாள் என்பது உள்பட, எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரப் பார்த்து அங்கேயே சிக்கிக்கொண்டன. கிட்டுசாமி டம்ளரை வைத்தான். மஞ்சள் டோக்கனை இரண்டு விரலால் எடுத்தான். விளக்குக்கு எதிரே பிடித்தான். தலையை லேசாக இடப்பக்கம் சாய்த்தான். "ம்" என்றான். நாலு வினாடி பார்த்திருப்பான். நாலாயிரத்து இருநூறு பனியனையும் அவர் இதைவிட அதிக நேரம் பார்க்கவில்லை. "மைனர்தானுங்கண்ணா" என்று டோக்கனை நாச்சிமுத்துவின் கையில் வைத்தான். "விட்டுருங்க." நாச்சிமுத்து சிரித்தான். "அதும் சரிதான். எப்படியும் மாட்டுக்குத்தான் போகப் போவுது." கிட்டுசாமி எழுந்து, "வர்றேனுங்க சார்" என்று கை கழுவப் போனான். பச்சைக் கழுத்துப் பட்டை, முதுகுப் பக்கமும் கோணலில்லாமல் இருந்தது. இல்லை, என்று தெய்வசிகாமணி நினைத்தார். தப்பு. காசு கொடுத்தவன் திருப்பிக் கொடுக்கிற குறை அது, அதை மைனரில் போடக் கூடாது, யார் போட்டாலும் கூடாது, எந்தப் புத்தகத்தின்படியும் கூடாது. "இல்லப்பா" என்றார். பழைய குரல் வந்துவிட்டது, ஆய்வு மேஜையின் குரல், பதினாறு மெஷினை நிறுத்துகிற குரல். "மேஜர்." நாச்சிமுத்து அதற்குள் டோக்கனை டப்பாவில் போட்டுவிட்டு, இரண்டு இலையையும் சேர்த்துச் சுருட்டி, ஈரத் துணியால் மேஜையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் துடைத்துக்கொண்டிருந்தான். "கொஞ்சம் கையை எடுத்துக்கறீங்களா சார்" என்றான். அவர் எடுத்துக்கொண்டார்.